பிள்ளையாரிடம் பழி கேட்டவள்

பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் தவரத்தினத்தின் பலசரக்குக் கடைக்கு ஒரு முறையாவது போனவர்களுக்கு, அங்கே வேலை செய்யும் சாரதாதேவியைத் தெரியும். தெரியாது என்று யாராவது சொன்னால், அவர்கள் கடைக்குள் போகவில்லை, வாசலில் நின்று விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறவர்களையும் கத்தரிக்காயை நகத்தால் கீறுகிறவர்களையும் அவள் சும்மா விட்டதில்லை. "கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கேக்கையும் இப்பிடித்தான் கீறிப் பாத்தனீங்களோ?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பிஞ்சாகப் பார்த்துத் தானே பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுப்பாள். வாய் பொல்லாதது, மனம் அப்படியில்லை என்று லா சப்பலில் அவளைப் பற்றிச் சொல்வார்கள். மனமும் அப்படித்தான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். தனக்குத் தீங்கு செய்த எவனையும் அவள் மறந்ததில்லை, மன்னித்ததும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். தாய் இல்லாத வீட்டில் தங்கை மிருணாளினியைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது அவள்தான். பாரிஸுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவி, அந்தத் தங்கையை ஜெர்மனிக்கு எடுப்பித்து, அங்கே ஐங்கரன் என்ற ஒரு நல்ல பிள்ளைக்குக் கட்டியும் வைத்தாள். தனக்கும் ஒரு கலியாணம் நடந்தது. அந்த மனிதன் லண்டனுக்கு வேலை தேடிப் போனான், அங்கே வேறு ஒன்றும் தேடிக்கொண்டான். சாரதாதேவி அவன் படத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பாரிஸுக்கு வெளியே பொபினியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கப் பழகிக்கொண்டாள்.

தனியாக என்று சொன்னாலும், ஒவ்வொரு கோடையிலும் தங்கையின் மகள் கஜனி வந்துவிடுவாள். பதினாறு வயது. பெரியம்மா தமிழில் கேட்டால் பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் பதில் சொல்லுவாள். பிள்ளையார் தேர் முடிந்த பிறகுதான் திரும்பிப் போவாள். அந்த வருடம், இரண்டாயிரத்துப் பதினாறில், அவர்களுடைய மாநிலத்தில் பள்ளிக்கூடம் தேருக்கு முந்தியே தொடங்கிவிட்டது. கஜனி முகத்தைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள்.

பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு நாள்கூட முழுதாகப் போகவில்லை. கடையில் தேருக்கான தேங்காய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த மத்தியானத்தில் ஐங்கரனின் அழைப்பு வந்தது. அவன் அழவில்லை. பாடம் ஒப்புவிப்பது மாதிரிச் சொன்னான்.

"மச்சாள், பள்ளிக்கூடத்துக்குள்ளை ஒருத்தன் துவக்கோடை வந்திட்டான். ஐஞ்சு பிள்ளையளைச் சுட்டிட்டான். எங்கடை கஜனியையும்."

"எந்த ஆஸ்பத்திரியிலை வைச்சிருக்கினம்?" என்று கேட்டாள் சாரதாதேவி.

ஐங்கரன் பதில் சொல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. தேங்காய் மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். துவக்குச் சத்தம் கேட்காத இடம் என்றுதானே தங்கையை அங்கே அனுப்பினாள்! ஷெல்லுக்கும் ஹெலிகொப்டருக்கும் தப்ப வைத்து, எல்லை எல்லையாகக் கடத்தி, கணக்குப் பாடம் படிக்கிற வகுப்பறையில் கொண்டுபோய் விட்டால், அங்கே ஒருவன் வந்து நின்று சுடுகிறான். யாருடைய முகத்தில் காறித் துப்புவது?

உடனே புறப்பட்டிருப்பாள். ஆனால் அவளுடைய அகதிப் பயணப் பத்திரம் காலாவதியாகி, புதுப்பிக்கப் பொபினி பிரிபெக்சர் அலுவலகத்தில் கிடந்தது. பிந்திக் கொடுத்தது அவளுடைய சோம்பல்தான். கையில் இருந்த தற்காலிகத் துண்டை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. பொலிஸார் இன்னும் உடலைத் தரவில்லை, தந்ததும் சொல்கிறேன் என்றான் ஐங்கரன். தங்கையோடு கதைக்க வேண்டும் என்றாள். மிருணாளினி வாய் திறக்கிறாளில்லை என்றான்.

அன்று பின்னேரமே படம் வந்து சேர்ந்தது. எதிர்ப்பக்கச் சேலைக் கடையில் நிற்கும் பூரணி வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். தலைக்கவசம் போட்ட இரண்டு பொலிஸார் ஒரு பையனைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். கறுத்தத் தலைமயிர், மெலிந்த உடம்பு, சட்டையெல்லாம் இரத்தம். கீழே தமிழில் எழுதியிருந்தது: 'சுட்ட நாய் இவன்தான். பேர் இத்ரிஸ். சிரியாவிலிருந்து போன வருசம் வந்தவன். எல்லாருக்கும் அனுப்புங்கோ.'

சாரதாதேவி அந்த முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இப்போது அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்துவிட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு நிம்மதி வந்தது. தன் தொலைபேசியில் எத்தனை பேருடைய பெயர் இருந்ததோ அத்தனை பேருக்கும் அனுப்பினாள். ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பினாள். கோயில் குழுவுக்கு அனுப்பினாள். ஜெர்மனியில் இருந்த உறவு முறைகளுக்கு, 'இவன்ரை வீடு எங்கை எண்டு விசாரியுங்கோ' என்று தானும் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். தானும் ஒரு காலத்தில் ஊர் பெயர் தெரியாத நாட்டில் மெலிந்த உடம்போடு வந்து இறங்கியவள் என்பது அப்போது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

மறுநாள் கடைக்கு இம்மாகுலேற் வந்தாள். புதுச்சேரிக்காரி, பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள், வெள்ளிக்கிழமைகளில் கருவாடு வாங்க வருகிறவள். சாரதாதேவியைக் கட்டிப் பிடித்து அழுதாள். அழுது முடித்துவிட்டு, அவள் காட்டிய படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள்.

"டெலேல நியூஸ் பாத்துகிட்டேதான் இருக்கேன் சாரதா. போலீஸ் இன்னும் பேரே சொல்லல. இந்தப் புள்ள வயித்துல கைய வச்சி அமுக்கிட்டு இருக்கு பாரு. அடிபட்டுக் கெடக்கற மாதிரில்ல இருக்கு? கொஞ்சம் பொறுத்துக்கோயேன்."

"உங்கடை ஏசு பொறுப்பார் அக்கா. என்னாலை ஏலாது" என்று தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள் சாரதாதேவி.

ஞாயிற்றுக்கிழமை தேர். லா சப்பல் முழுக்க மாவிலையும் மேளமும். தெரு நெடுக மஞ்சள் தண்ணீரில் கழுவிய தேங்காய்கள் குவியல் குவியலாக இருந்தன. தேர் வர வர இளந்தாரிகள் எடுத்து ரோட்டில் அடித்தார்கள், தேங்காய்த் தண்ணீர் கால்வாய் மாதிரி ஓடியது. வெள்ளைக்காரர் குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். தவரத்தினம் தன் கடைக் குவியலுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றான். சாரதாதேவி தலை முழுகி, ஈரக் கூந்தலோடு வந்து ஒரு தேங்காயைக் கையில் எடுத்ததைப் பார்த்து அவனுக்குத் திக்கென்றது.

"சாரதா அக்கா, செத்தவீட்டுத் துடக்கோடை நிக்கிறியள். வேண்டாம்."

"தங்கச்சியின்ரை பிள்ளை வேறை வீட்டுப் பிள்ளை. எனக்கு மூண்டு நாள்தான். முடிஞ்சுது."

"அதுக்கில்லை அக்கா. உங்கடை முகத்தைப் பாத்தால் நல்லதுக்கு அடிக்கிற மாதிரித் தெரியேல்லை. சாபம் போடுறதெண்டால் காளி கோயிலுக்குப் போகவேணும். இது பிள்ளையார். அவர் ஆரை என்ன செய்வார்?"

"தும்பிக்கை இருக்குத்தானே" என்றாள் அவள்.

பிள்ளைகளைப் படை பிடித்துக்கொண்டு போன காலத்தில், ஊரில் தாய்மார் கோயில் வாசலில் தலைவிரி கோலமாக நின்று தேங்காய் அடித்துப் பழி கேட்டதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வார்த்தைகள் மறக்கிற வார்த்தைகள் இல்லை. தேர் கடை வாசலுக்கு நேரே வந்து நின்றபோது, தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கினாள். மேளச் சத்தத்தில் தவரத்தினத்துக்கு மட்டும்தான் அவள் குரல் கேட்டது.

"பிள்ளையாரப்பா, எனக்கெண்டு உன்னட்டை ஒண்டும் கேட்டதில்லை. இண்டைக்குக் கேக்கிறன். இத்ரிஸ் எண்ட அந்தப் பெடியன் சாகக்கூடாது. கிடந்து அழுந்த வேணும். கண் திறந்திருக்க வேணும், வாயாலை ஒரு சொல்லு வரக்கூடாது. அவனைப் பெத்தவள் பக்கத்திலை இருந்து பாத்துப் பாத்துக் குமுற வேணும். என்ரை தங்கச்சி மாதிரி."

அடித்தாள். தேங்காய் சுக்குநூறாகிச் சிதறி, ஒரு துண்டு எதிர்ப்பக்க நடைபாதையில் போய் விழுந்தது. உடம்பெல்லாம் ஒரு சுகம் ஏறியது. அது பாவம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கஜனி போன பிறகு அன்றுதான் அவள் பசித்துச் சோறு தின்றாள், இரண்டாந்தரமும் போட்டுத் தின்றாள்.

திங்கட்கிழமை காலை மிருணாளினி தானாகவே தொலைபேசி எடுத்தாள். குரல் அடைத்துப் போயிருந்தது.

"அக்கா, எனக்காக ஒரு காரியம் செய்யவேணும். உங்கடை பிள்ளையார் கோயில்லை ஒரு நேத்தி வையுங்கோ."

"சொல்லு ராசாத்தி. அவன் நாசமாப் போகவேணும் எண்டு நேற்றே கேட்டிட்டன்."

"ஆர் நாசமாப் போக? அது இல்லை அக்கா. ஆஸ்பத்திரியிலை ஒரு பெடியன் கிடக்கிறான். கஜனியின்ரை வகுப்பு. சூடு பட்டு விழுந்த பிள்ளையை இழுத்து மேசைக்குக் கீழை கொண்டுபோனவன் அவன்தான். அவளுக்கு மேலை படுத்து, அவனுக்கும் வயித்திலை சூடு. கடைசி மூச்சு வரைக்கும் எங்கடை பிள்ளையோடை இருந்தது அவன் ஒருத்தன்தான். அவள் என்னவோ சொன்னவளாம், அம்மாட்டைச் சொல்லச் சொன்னவளாம். பொலிசுக்கு அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான். மிச்சத்தை எனக்கு மட்டும்தான் சொல்லுவானாம். அவன் பிழைக்க வேணும் அக்கா. என்ரை பிள்ளை கடைசியாச் சொன்னதை நான் கேக்கவேணும். அவன்ரை பேர் இத்ரிஸ்."

சுட்டவன் அதே பள்ளிக்கூடத்தில் முன்பு படித்த உள்ளூர்ப் பையன், உயிரோடு பிடிபட்டிருக்கிறான், பெயரையும் பொலிஸார் நேற்று இரவே சொல்லிவிட்டார்கள் என்று தங்கை சொல்லிக்கொண்டே போனாள். "அக்கா, வைப்பியளோ?" என்று கடைசியில் கேட்டாள்.

"வைக்கிறன்" என்றாள் சாரதாதேவி. வேறென்ன சொல்வாள்!

கோயிலுக்கு ஓடினாள். ஐயரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். கோபத்தில் சொன்னதைச் சுவாமி எடுக்கமாட்டார், ஒரு அர்ச்சனை செய்துவிடுவோம் என்றார். அவளுக்கு அது போதவில்லை. நல்லதுக்கு வைத்த நேர்த்தியெல்லாம் பலிக்கும் என்று இவ்வளவு காலமும் சொன்னவர்கள், கெட்டதுக்கு மட்டும் சுவாமிக்குக் காது கேட்காது என்றால் அவள் எப்படி நம்புவாள்? இத்ரிஸின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தாள். நட்சத்திரம் கேட்டார் ஐயர். தெரியாது என்றாள். சாபம் போடும்போது நட்சத்திரம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகுதான் படத்தின் நினைவு வந்தது. அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்தாள். "அந்தப் பெடியன் சுடேல்லை, காப்பாத்தினவன், படத்தை அழியுங்கோ" என்று கெஞ்சினாள். கெஞ்சிப் பழகாத வாய். சிலர் ஐயோ என்றார்கள். சிலர், "நாங்களும் வேறை ஆக்களுக்கு அனுப்பிப்போட்டம், இனி என்ன செய்யிறது?" என்றார்கள். ஒருவர், "சரி விடுங்கோ, அவங்களும் எப்பிடியும் இப்பிடித்தான் ஒருநாள் செய்யிற ஆக்கள்" என்றார். அவருடைய பரம்பரையையே இழுத்து ஏசிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தாள்.

வைத்த சூட்டோடு சேலைக் கடைக்குள் புகுந்தாள். பூரணி ஒரு மணப்பெண்ணுக்குக் கூறைச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"உன்ரை கை முறியாதோடி! ஆரெண்டு தெரியாமல் படத்தை அனுப்பி என்ரை வாயாலை ஒரு பிள்ளையைச் சபிக்க வைச்சியே. உனக்கும் ரெண்டு பிள்ளையள் இருக்கெல்லோ? நாளைக்கு அதுகளின்ரை படத்தை ஒருத்தன் இப்பிடிப் போட்டால் என்ன செய்வாய்?"

மணப்பெண்ணின் தாய் சேலையை விட்டுவிட்டு எழும்பினாள். பூரணி அழுதுவிட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள்:

"எனக்கும் ஆரோ அனுப்பினதுதானே சாரதா அக்கா. உங்கடை பிள்ளை எண்டபடியால் உங்களுக்குக் காட்டினனான். நான் உங்கள் ஒருத்தருக்குத்தான் அனுப்பினனான். நீங்கள் எத்தினை பேருக்கு அனுப்பினியள்?"

சாரதாதேவி வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு சண்டையைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் வெளியே வந்தாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் நேர்ந்து தள்ளினாள். பால்குடம், விரதம், தலைமயிர். இம்மாகுலேற்றைக் கூட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போய் மெழுகுதிரியும் கொளுத்தினாள். உண்மையில் சுட்டவனுடைய முகம் இப்போது எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. கொழுத்த கன்னம், கண்ணாடி. அவனை நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அவனைச் சபிக்க வாய் வரவில்லை. மறுபடியும் எங்கே போய் விழுமோ என்று பயந்தாள். எரிந்ததெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

பயணப் பத்திரம் கிடைத்த அன்றே கார் து லெஸ்ட் நிலையத்தில் ஜெர்மனிக்கு ரயில் ஏறினாள். செத்தவீடு நடந்தது. மூடிய பெட்டிதான். மிருணாளினி அக்காவின் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, "வாங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம். அவன் கண் முழிச்சிட்டான்" என்றாள்.

சாரதாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கதைச்சானோ? கஜனி என்ன சொன்னவளாம்?"

"கதைக்கிறானில்லை அக்கா."

காரில் போகும்போது மிருணாளினி சொன்னாள். சூடு பட்ட அன்றைக்குப் பொலிசோடு கதைத்தவன்தான். சத்திர சிகிச்சை முடிந்து முழித்த பிறகும் தாயோடு கதைத்திருக்கிறான். பிறகு தன் தொலைபேசியைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அதற்குள் அவனுடைய படம் ஆயிரக்கணக்கில், எந்த எந்தப் பாசையிலோ. வீட்டு விலாசத்தையும் கண்டுபிடித்துப் போட்டிருந்தார்கள். ஜன்னல்களை உடைத்து, தகப்பனை வாசலில் வைத்து அடித்திருந்தார்கள். தொலைபேசியைக் கீழே வைத்தவன்தான், அதற்குப் பிறகு தாயோடும் கதைக்கவில்லை, யாரோடும் கதைக்கவில்லை. இனிக் கதைப்பானோ தெரியாது என்கிறார்கள் டொக்டர்கள்.

தேங்காய் ஒன்றும் செய்யவில்லை என்று அப்போது சாரதாதேவிக்கு விளங்கியது. பிள்ளையார் பாவம், தன் பாட்டில் ஊர்வலம் போனார். செய்தது அவளுடைய பெருவிரல்.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் கிடந்தான். கண் திறந்திருந்தது. படத்தில் பார்த்ததைவிடச் சின்னப் பையன். கதவுக்கு வெளியே கதிரையில் ஒரு பெண் முக்காட்டோடு இருந்தாள், நாற்பது வயது இருக்கலாம். மிருணாளினியைக் கண்டதும் எழும்பிக் கட்டிக்கொண்டாள். அந்தத் தாய்க்கு ஜெர்மன் அரைகுறை. மிருணாளினி மெதுவாக ஏதோ சொல்லி அக்காவைக் காட்டினாள்.

"பாரிஸிலை கோயில்லை அவன்ரை பேருக்கு நேத்தி வைச்சது நீங்கள்தான் எண்டு சொன்னனான்."

அந்தப் பெண் சாரதாதேவியின் வலது கையை எடுத்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். கை முழுக்க ஈரமாகியது. பிறகு அந்தக் கையை விடாமலே ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்ல முகம் மாறியது. அந்த முகம் சாரதாதேவிக்குத் தெரிந்த முகம்தான். கோயில் வாசல்களில் பார்த்திருக்கிறாள்.

மிருணாளினி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். "உங்கடை சாமி கேக்கும் எண்டால், இன்னொண்டும் கேக்கட்டாம். அந்தப் படத்தை அனுப்பின ஒவ்வொருத்தரும் தங்கடை பிள்ளையின்ரை குரலை இனி ஒருநாளும் கேக்கக்கூடாதாம். இப்பவே, அவவுக்கு முன்னாலை, உங்கடை பாசையிலை கேக்கட்டாம்."

சாரதாதேவி தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை இல்லாத ஒருத்தி அனுப்பியிருந்தால் என்ன கேக்கிறதாம்? கேட்டுச் சொல்லு."

மிருணாளினி விளங்காமல் அக்காவைப் பார்த்தாள், பிறகு கேட்டாள். அந்தத் தாய் யோசிக்கவே இல்லை.

"அவள் ஆரை உயிரா வைச்சிருக்கிறாளோ, அந்த ஆள் அவளின்ரை முகத்திலை முழிக்கக்கூடாதாம்" என்றாள் மிருணாளினி.

மழுப்பியிருக்கலாம். வாய்க்குள் எதையாவது முணுமுணுத்திருந்தால் அந்த அரபுக்காரிக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் சாரதாதேவி பழி விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாதவள். கண்ணாடிக்கு அப்பால் கிடந்தவனைப் பார்த்தாள். பிறகு நல்ல உரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பிள்ளையாரப்பா, இந்தப் பிள்ளையின்ரை படத்தை ஊரெல்லாம் அனுப்பி, வீட்டை விசாரியுங்கோ எண்டு எழுதின சாரதாதேவி எண்டவள் ஆரை உயிரா வைச்சிருக்கிறாளோ, அந்த ஆள் அவளின்ரை முகத்திலை முழிக்கக்கூடாது."

"ஆமீன்" என்றாள் அந்தத் தாய்.

செத்தவீட்டிலிருந்து பிடித்திருந்த இடது கையை மிருணாளினி அப்போதுதான் விட்டாள். அக்காவைப் பார்க்காமல், அந்தத் தாய்க்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் போய் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.